பித்தளைப் புஷ்

இருசம்மாளுக்கு அந்த வண்டியில் இருந்த ஒவ்வொரு சாமானும் ஒரு சண்டை. எது எப்போது வந்தது என்று அவள் புருஷன் ரத்தினவேலுக்கு நினைவிருக்காது. அவளுக்கு இருக்கும். அன்றைக்கு என்ன குழம்பு வைத்தாள், அவள் என்ன கேட்டாள், அவன் பதில் பேசாமல் எப்படிச் சிரித்தான் என்பது வரைக்கும் இருக்கும்.

ரத்தினவேல் பாலக்கரையில் நாகம்மை மோட்டார் சர்வீஸ் பஸ் ஷெட்டில் ஃபிட்டர். வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடப்பான். ஏழாவது நாள் மற்ற ஃபிட்டர்கள் சேவல் சண்டைக்கோ பயாஸ்கோப்புக்கோ போவார்கள். இவன் உறையூரில் தன் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவான். ஒரு சைக்கிளுக்கு எஞ்சின் வைத்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். கண்டோன்மெண்டில் துரை ஒருத்தர் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்து வந்த ஆசை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் இல்லை. துரையுடையது வாங்கின வண்டி. இவனுக்கு வாங்கினது வேண்டாம். தன் கையால் செய்து, அது ஓட வேண்டும்.

“இதனால என்ன பிரயோசனம்?” என்று இருசம்மாள் கேட்பாள்.

“ஓடும்.”

“ஓடினா?”

“ஓடுறதைப் பாக்கலாம்ல.”

இதற்கு மேல் ஒருத்தி என்னதான் பேசுவது? அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவளுக்குச் சுருட்டுக் கம்பெனி வேலை. கட்டுக் கட்டாகப் புகையிலை வீட்டுக்கு வரும். தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, இலையின் நடு நரம்பைக் கிழியாமல் உருவி எடுத்து, இலையை இலை மேல் நீவி அடுக்க வேண்டும். விரல் பத்தும் காவி ஏறிக் கிடக்கும். மழைக்காலம் வந்தால் இலை பூசணம் பிடித்துவிடும் என்று அடுப்பங்கரையில் உலர்த்திக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக அவள் புகையிலை வாடையோடும் அவன் கிரீஸ் வாடையோடும் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டார்கள்.

முப்பத்தெட்டாம் வருஷம் புரட்டாசிக் கடைசியில் வண்டி ஓடியேவிட்டது. ஒரு பூசணிக்காய் அளவுக்கு எஞ்சின். அதைச் சைக்கிள் ஃபிரேமின் முக்கோணத்துக்குள் இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்தான். பின்சக்கரக் கம்பிகளில் ஒரு பெரிய மர வளையம். எஞ்சினிலிருந்து அந்த வளையத்துக்குத் தோல் பெல்ட். நடுவில், பெல்ட் தொளதொளக்காமல் அழுத்திப் பிடிக்க ஓர் உருளை. நாலு மிதி மிதித்து லிவரைத் தள்ளினால் டபடபவென்று பிடித்துக்கொள்ளும். குழுமணி ரோட்டில் அவன் முதல் தடவை ஓட்டியபோது தெருவே பின்னால் ஓடியது. இருசம்மாள் போகவில்லை. உய்யக்கொண்டான் வாய்க்கால் படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறதா, சீராகக் கேட்கிறதா என்று காது மட்டும் ரோட்டுக்குப் போய் வந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாக அடித்த மழை கொஞ்சம் விட்டிருந்தது. வாய்க்காலில் பிடித்த அயிரை மீன் அடுப்பில் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. ஷெட் மானேஜர் கோபு இறங்கினார். நெற்றியில் பளிச்சென்று நாமம், கையில் குடை. பின்னாலேயே சைக்கிளில் உறையூர் ஸ்டேஷன் ஏட்டு வீரமலை.

“ரத்தினவேல், ஸ்டோர்ல ஒரு மேக்னெட்டோ காணோம்” என்றார் கோபு. “நீ ஏதோ மோட்டார் பண்ணிண்டிருக்கியாமே. ஊரே சொல்றது. அதைக் கொஞ்சம் பாக்கணும்.”

எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி தட்டுகிற சாமான் மேக்னெட்டோ. அது இல்லாவிட்டால் எஞ்சின் வெறும் இரும்பு.

ரத்தினவேலின் முகம் கறுத்துவிட்டது. “நான் எடுக்கலைங்க” என்றான்.

“எடுத்தேன்னு நான் சொல்லலையே. பாக்கணும்னுதானே சொன்னேன்.”

நால்வரும் கொல்லைக்கு வந்தார்கள். வீரமலை நோட்டைப் பிரித்தார். “இந்த எஞ்சின் ஏதுய்யா?”

“எடுக்கலைங்க.”

“அட, ஏதுன்னுதான் கேக்கறேன்.”

“நான் எடுக்கலைங்க.”

கோபம் வந்தால் அவனுக்கு நாக்கு பூட்டிக்கொள்ளும். இன்னும் கால் மணி இப்படியே நின்றால் வீரமலை அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று இருசம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. போய்க் குழம்பை இறக்கி வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“ஏட்டையா, அவரைக் கேட்டா ஒண்ணும் வராது. என்னைக் கேளுங்க.”

“உனக்கு இதெல்லாம் தெரியுமா?”

“தெரியாமப் போகுமா? ஒவ்வொண்ணுக்கும் மூணு நாள் பேசாம இருந்திருக்கேனே.”

வீரமலை ஒரு சாமானைத் தொடுவார், அவள் சொல்வாள்.

“ஃபிரேமு, நாச்சியார் கோவில் கிட்ட வாடகை சைக்கிள் விடுறாரே அப்துல் சலாம் பாய், அவரு குடுத்தது. மாட்டு வண்டியில மோதி முன்பக்கம் வளைஞ்சு கெடந்துச்சு. பொங்கலுக்குக் கரும்பு வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினேன், இதைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. அந்தப் பொங்கலுக்கு எங்க வீட்டுல கரும்பு கெடையாது.”

“பெட்ரோல் டாங்கி?”

“மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ஈயம் வச்சு ஒட்டினது. ஒழுகுதான்னு பாக்க என் இட்டிலிக் குண்டான்லதான் முக்கினாரு. பதினஞ்சு நாள் இட்டிலியில மண்ணெண்ணெய் வாடை.”

“இந்த பெல்ட்டு?”

“மாவு மில்லுல அறுந்து போனது. நான்தான் போய்க் கேட்டு வாங்கினேன்.”

“நீயா?”

“பின்ன? வீட்டுல கெணத்துக்குன்னு ஒரு தோல் வாளி இருக்கு. அதை அறுத்துடலாம்னு அது மேலயே கண்ணா இருந்தாருங்க. புகை போற குழாய் மரக்கடைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில எடுத்தது. சேலை எடுத்துத் தரேன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி, என்னை ரோட்டுல நிக்க வச்சுட்டு உள்ள பூந்துட்டாரு. லிவர்லேருந்து ஓடுதே அந்தக் கம்பி, அது எங்கப்பா குடைக் கம்பி.”

வீரமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபுவுக்கு வரவில்லை. “எல்லாம் சரிதான், மேக்னெட்டோவுக்கு வா” என்றார்.

“அது எஞ்சினோட வந்ததுங்க. சீரங்கத்துல கீழ உத்திர வீதியில வக்கீல் ஐயா வீட்டுது. தண்ணி ஏத்த வாங்கிப் போட்டிருந்தாங்க. ஒரு மழையில நனைஞ்சு நின்னு போச்சு. இவரு ரிப்பேருக்குப் போனப்ப, சனியனை எடுத்துட்டுப் போயிடுப்பான்னு அந்தம்மா குடுத்துட்டாங்க. கொண்டு வந்தப்ப மேக்னெட்டோ உள்ளார பூரா தண்ணி. நான் வடாம் காயப் போட்டிருந்த பாயில, நட்ட நடுவுல அதைக் கொண்டாந்து வச்சாரு. மூடியைத் தொடச்சுப் பாருங்க, நாமம் போட்டிருக்கும். சாமி குறி, சுரண்டாதீங்கன்னு நான்தான் சொன்னேன்.”

வீரமலை ஒரு சாக்குத் துண்டால் கிரீஸைத் துடைத்தார். வெள்ளைப் பெயிண்டில் நாமமும் நடுவில் சிவப்புக் கோடும் தெரிந்தன. கோபு குனிந்து பார்த்தார். 

“நாமம் யார் வேணா போடலாம்” என்றார் பிறகு. “அந்த அம்மா வாயால சொல்லட்டும்.”

இதற்குள் செய்தி எட்டி, அப்துல் சலாம் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்துவிட்டார். “ஏட்டையா, ஃபிரேம் என்னுது, அல்லா அறிய நான் குடுத்தது. இந்த மனுஷன் என் கடையில ஒரு சைக்கிள் டயர்ல காத்து அடிச்சாக்கூடச் சொல்லிட்டு அடிக்கறவரு” என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

“அப்ப சீரங்கத்துக்கே போயிடலாம்” என்றார் வீரமலை. “வண்டியும் வரணும். தள்ளிட்டுப் போனா பொழுது போயிடும், ஓட்டிட்டே வா. ஆனா உன்னைத் தனியா விட முடியாது.” கேரியரைப் பார்த்தார். தன் தொந்தியைப் பார்த்தார். “யம்மா, நீ ஏறிக்க. உன்னை வச்சுக்கிட்டு அவன் எங்க ஓடிடுவான்?”

செத்தாலும் அதில் ஏற மாட்டேன் என்று அவள் வாய்க்கால் படியில் நாலு பேர் நடுவில் சொல்லியிருந்தாள். இப்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

சாலை ரோட்டில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கோட்டையைத் தாண்டும்போது திறந்தாள். தூறல் விழுந்து பெல்ட் வழுக்கியது. ரத்தினவேல் மடியிலிருந்து குங்கிலியப் பொடியை எடுத்து ஓடுகிற பெல்ட்டின் மேல் ஒரு சிட்டிகை தூவினான். பெல்ட் பிடித்துக்கொண்டது. பாலத்தின் மேல் ஏறியதும் காவேரி இரண்டு கரையும் தொட்டுச் செக்கச் செவேலென்று போய்க்கொண்டிருந்தது. எஞ்சினின் அதிர்வு இடுப்பு வழியாக ஏறி அவள் பல்லில் வந்து நின்றது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் இறங்க வேண்டும் என்று தோன்றவில்லை. மூன்று வருஷமாகக் கொல்லையில் துண்டு துண்டாகக் கிடந்து அவள் காலை இடறியதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறதே என்று இருந்தது.

பாலத்தின் மறுமுனையில் அவன் வண்டியை நிறுத்தினான்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“ஏட்டு வரலை.”

ஏட்டு பாதிப் பாலத்தில் மிதித்துக்கொண்டிருந்தார். ஜட்கா அதற்கும் பின்னால் வந்தது. போலீஸ் வந்து சேரட்டும் என்று இருவரும் மழையில் காத்துக்கொண்டு நின்றார்கள்.

கீழ உத்திர வீதியில் டபடபச் சத்தம் கேட்டு வீட்டுக்கு வீடு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வக்கீல் ஸ்ரீனிவாசராகவன் ஊரில் இல்லை, கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி செண்பகவல்லி வாசலுக்கு வந்தவள் வண்டியைப் பார்த்ததும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

“பெருமாளே! நம்மாத்து எஞ்சினா இது? கெணத்தடியில முக்கி முனகிண்டு கெடந்தது, காவேரியைத் தாண்டி வந்துடுத்தே!”

கோபு விஷயத்தைச் சொன்னார்.

“மேக்னெட்டோவோ என்னமோ, நேக்குப் பேரெல்லாம் தெரியாது” என்றாள் செண்பகவல்லி. “அந்த மூடியில இருக்கற திருமண் நான் இட்டது. ஆயுத பூஜை அன்னிக்கு, ஜன்னலுக்கு அடிச்ச பெயிண்டு மிச்சம் இருந்ததுன்னு இட்டேன். வலது பக்கம் கை வழுக்கிக் கோணிண்டு போயிருக்கும் பாருங்கோ. எங்காத்து மாமா இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கறார்.”

எல்லோரும் குனிந்தார்கள். வலது பக்கம் கோணல்தான்.

வீரமலை நோட்டை மூடினார். செண்பகவல்லி எல்லோருக்கும் மோர் கொண்டு வரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.  ஆனால் கோபு குனிந்தவர் நிமிரவில்லை. பெல்ட்டை அழுத்துகிற உருளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நடுவில், உருளை அச்சில் ஆடாமல் சுழல்வதற்காக, சின்னக் குழல் மாதிரி ஒரு பித்தளைப் புஷ் இருந்தது. விரல் நீளம்கூட இல்லை. பளபளவென்று இருந்தது.

“இது ஏது?”

எல்லோரும் இருசம்மாளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து உருளையைப் பார்த்தாள்.  இந்தச் சாமானுக்குச் சண்டையே நடந்ததில்லை. அது எந்த நாளில் வந்தது, அன்றைக்கு என்ன குழம்பு, ஒன்றும் இல்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புரிந்துவிட்டது.

“அதுவும் எஞ்சினோட வந்ததா இருக்கும்” என்றாள் செண்பகவல்லி, நல்ல எண்ணத்தில்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருசம்மாள் “அது வந்துங்க...” என்று ஆரம்பித்தாள்.

“அது ஷெட்டுல எடுத்தது” என்றான் ரத்தினவேல்.

காலையிலிருந்து பூட்டிக் கிடந்த நாக்கு திறந்துகொண்டது. “லேத்துக்கு அடியில கெடந்த துண்டுங்க. சாப்பாட்டு நேரத்துல நானே கடைஞ்சேன். யார்கிட்டயும் கேக்கலை. கேட்டிருக்கணும். மேக்னெட்டோ நான் எடுக்கலை, இது எடுத்தேன்.”

“இத்துனூண்டுக்கெல்லாம் கேஸ் எழுத முடியாதுங்க” என்றார் வீரமலை, அவசரமாக.

“கேஸ் வேண்டாம்” என்றார் கோபு. அவர் குரல் இறங்கியிருந்தது. “ஆனா முதலாளி காதுல போடாம நான் இருக்க முடியாது.”

“போடுங்க” என்றான் ரத்தினவேல். இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து உருளையைக் கழற்றினான். புஷ்ஷைத் தட்டி எடுத்தான். வேட்டி நுனியில் கிரீஸ் போகத் துடைத்து மானேஜர் உள்ளங்கையில் வைத்தான்.

புஷ் இல்லாமல் வண்டி ஓடாது. ஸ்ரீரங்கத்திலிருந்து உறையூர் வரைக்கும் இரண்டு பேரும் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.  பாலத்தின் நடுவில்தான் இருசம்மாள் வாயைத் திறந்தாள்.

“தொண்டை கிழிய அம்புட்டு நேரம் பேசினேன். ஒரே வார்த்தையில கவுத்துட்டீங்க.”

“நீ சொன்னது பூராவும் நெசம். அதுக்கு நடுவுல ஒரு பொய்யை ஏன் வைக்கணும்?”

“வேலை போச்சுன்னா?”

“திருச்சினாப்பள்ளியில எத்தனை பஸ்ஸு ஓடுது? எல்லாமா ஒழுங்கா ஓடுது? இந்தக் கைக்கு வேலையா கெடைக்காது?”

அவன் அதைச் சொன்ன விதத்தில் வீறாப்பு இல்லை. தண்ணீர் நனைக்கும் என்று சொல்வது போலச் சொன்னான். அவளுக்கு அதில் சந்தேகமும் இல்லை. அவள் கோபம் வேறு இடத்தில் இருந்தது.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சண்டை போடுவே.”

“போடுவேன். போட்டிருந்தா அது லேத்துக்கு அடியிலயே கெடந்திருக்கும்ல?”

அவன் நின்றான்.  “ஆமா” என்றான். அந்த ஒரு சொல்லில் அவளுக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிக் கோபத்தை வீடு வரைக்கும் வைத்துக்கொண்டு, ஆறிப்போன அயிரைக் குழம்பைச் சூடு பண்ணிப் போட்ட பிறகுதான் விட்டாள்.

முதலாளி பத்து நாள் சஸ்பென்ட் செய்தார். இரண்டாம் நாள் இருசம்மாள் காந்தி மார்க்கெட்டுக்குப் போய், பழைய பாத்திரம் விற்கிறவளிடம் வெற்றிலை இடிக்கிற பித்தளை உலக்கை ஒன்று, முனை நசுங்கினது, பார்த்து வாங்கிக்கொண்டு வந்தாள். அவளே பேரம் பேசினாள். வீட்டில் லேத் ஏது? தச்சரிடம் வில்லுத் துரப்பணத்தை வாங்கி வந்து, அவன் இழுக்க, அவள் உலக்கைத் துண்டை அசையாமல் மரக்கட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஓட்டை போடவே இரண்டு நாள் ஆயிற்று. பிறகு அரம். ராவுவான், அச்சில் நுழைத்துப் பார்ப்பான், உருவுவான், மறுபடி ராவுவான்.

“இன்னும் ஒரு மயிரிழை” என்பான்.

“நேத்தும் மயிரிழைதான் சொன்னீங்க.”

பக்கத்தில் உட்கார்ந்து அவள் புகையிலை நரம்பை உருவிக்கொண்டிருப்பாள். பித்தளைத் தூள் இலையில் விழுகிறது என்று அன்றைக்கும் ஒரு சண்டை நடந்தது.

ஆறாம் நாள் கோபு வந்தார். மேக்னெட்டோ கிடைத்துவிட்டதாம். முசிறி கிளைக்குப் போன பெட்டியில் தவறுதலாக ஏறியிருந்ததாம். “மனசுல வச்சுக்காதே. நாளைக்கே வந்துடு. ரெண்டு வண்டி நிக்கறது” என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். “முதலாளி இதையும் உன்கிட்டயே குடுக்கச் சொன்னார்.” உள்ளே அந்தப் புஷ் இருந்தது.

“வேண்டாங்க” என்றாள் இருசம்மாள். “நாங்க வேற செஞ்சுக்கிட்டோம்.”

“சரி. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுவியோல்லியோ?”

“மேக்னெட்டோவுக்காக நான் வீட்டுல உக்காந்திருக்கலைங்க” என்றான் ரத்தினவேல். “புஷ்ஷுக்காக. அதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. முடிச்சுட்டு வரேன்.”

கோபு அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சிரித்து இருசம்மாள் அன்றைக்குத்தான் பார்த்தாள். “நிக்கற வண்டி நாலு நாள் நிக்கட்டும்” என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் திருவெள்ளறையில் இருசம்மாளின் தங்கச்சி பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷம். இருவரும் வண்டியிலேயே கிளம்பினார்கள். மண்ணச்சநல்லூரைத் தாண்டியதும் நாகம்மை பஸ் ஒன்று ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தது. டிரைவர் அம்மாசி பானெட்டைத் திறந்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். ரத்தினவேல் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனான்.

“என்ன, பாக்காத மாதிரி போறீங்க?”

“சஸ்பென்ட்ல இருக்கேன். கம்பெனி வண்டியைத் தொடக்கூடாது.”

“உள்ளார ஒரு பிள்ளைத்தாச்சி உக்காந்திருக்கா. நிறுத்துங்க.”

நிறுத்தினான். பெட்ரோல் வருகிற குழாயில் அழுக்கு அடைத்திருந்தது. கழற்றி வாயால் உறிஞ்சித் துப்பினான். மாட்டினான். பஸ் புறப்பட்டது. “மானேஜர்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேண்ணே” என்று அம்மாசி கத்திக்கொண்டே போனான். அவர்களும் பின்னாலேயே போனார்கள். முந்தின நாள் மழையில் ரோடு சேறும் சகதியுமாகக் கிடந்தது. பஸ் சக்கரம் வாரி அடித்த சேறு இருவர் மேலும் விழுந்தது. ரத்தினவேல் பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டபடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டினான்.

இருசம்மாள் அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

“அதான் ஓடுதுல்ல, இன்னும் என்ன கேட்டுக்கிட்டு வரீங்க? லிவரைத் தள்ளுங்க. விசேஷத்துக்குக் கட்டின சேலை. முன்னாடி போங்க.”

அவன் லிவரைத் தள்ளினான். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் வந்து குவிந்தார்கள். அம்மாசி ஹாரனைப் பிழிந்து பிழிந்து அடித்தான். இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டின வயல். திருவெள்ளறை மொட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் பஸ்ஸால் அவர்களைப் பிடிக்க முடியவில்லை.